பத்து விரல் ஜாதகம்

வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடருக்குக் கட்டைவிரல் ரேகை ஒன்று போதும். பிள்ளைகளின் 'பிறவித் திறன்' கண்டுபிடிக்கும் டி.எம்.ஐ.டி. சோதனைக்காரர்களுக்குப் பத்து விரலும் வேண்டும், விஞ்ஞானம் அல்லவா! ஸ்கேன் செய்தால் பிள்ளை கண்ணால் கற்பவனா, காதால் கற்பவனா, துள்ளிக் குதித்துக் கற்பவனா என்று வண்ண வண்ணமாக ரிப்போர்ட் வந்துவிடும். இதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் சொல்லிவிட்டது. அதனால் என்ன, பைண்டிங் கெட்டியாக இருக்கிறதே.

இந்தச் சோதனைக்காரர்கள் துணைக்கு இழுக்கும் உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர்தான் பாவம். அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்று 1983-இல் எழுதினார். பிறகு எட்டாக்கினார். விரல் நுனியில் பார்க்கச் சொல்லவில்லை. பன்முக அறிவும் கற்கும் பாணியும் ஒன்றல்ல என்று 2013-இல் அவரே விளக்கியும் பார்த்தார். ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டியவர்கள் அதையெல்லாம் படிப்பார்களா?

'உடலியக்க அறிவு மிக அதிகம்' என்று வந்துவிட்டால் வீடே பூரித்துப்போகிறது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாகிவிட்டது. சாயங்காலம் பையனை நீட் ஃபவுண்டேஷன் வகுப்பில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கிறார்கள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால் பாட்டி அதட்டுகிறாள்: "காலாட்டாதடா, குடும்பத்துக்கு ஆகாது!"