வகுத்துப் பார்க்கிற அத்தான்

கப்பல் கம்பெனியிலிருந்து அத்தானுக்கு மின்னஞ்சல் வந்தால் அன்று ராத்திரி பதினோரு மணிக்கு என் கைப்பேசி அடிக்கும். ஹலோ கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. “ஆளுக்கு 600 வெள்ளி. என்ன சொல்ற மாப்ள?”

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் யாராவது இருந்தால்தான் அவருக்கு வகுக்க வரும்.

மரினா பேயிலிருந்து கிளம்பிப் பினாங்குக்குப் போய்த் திரும்புகிற மூன்று ராத்திரிப் பயணம். பால்கனி வைத்த அறையாகவே எடுத்திருப்பார். நல்ல அறைதான். பணமெல்லாம் கட்டி முடித்து, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில்தான் கம்பெனிக்காரன் ஆசை காட்டுவான்: சூட் அறைகள் சில காலியாக இருக்கின்றன, மேற்கொண்டு எவ்வளவு தருவீர்கள், நீங்களே விலை கேளுங்கள். திரையில் ஒரு கோடு, அதில் இழுத்து நகர்த்த ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு முள். தொகையைக் கூட்டக் கூட்ட முள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் போகும். எத்தனை அறை மிச்சம், வேறு யார் யார் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்று மூச்சு விடமாட்டார்கள். போடுகிற தொகை ஆளுக்கு. அறைக்கு இரண்டு ஆள் என்பது அவர்கள் கணக்கு. ஒப்புக்கொண்டார்கள் என்றால் கடன் அட்டையில் பணம் போய்விடும், மனம் மாறினால் திரும்பி வராது. எந்தத் தளம், எந்த மூலை என்பதும் அவர்கள் வைத்ததுதான்.

அத்தான் அந்த முள்ளோடு குடும்பம் நடத்துகிறவர். ஐந்து வெள்ளி ஏற்றுவார். முள் அசையாது. இன்னும் ஐந்து. “அசையுது, அசையுது!” உடனே பத்து வெள்ளியைக் குறைத்துவிடுவார், தான் ஆசைப்படுவது கம்பெனிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

வகுத்தல் அதற்குப் பிறகு. இரண்டு பேருக்கு 1,200 வெள்ளி. முதலில் மூன்றால் வகுப்பார். ராத்திரிக்கு 400. “நல்ல ஓட்டல் ரூம் விலைடா!” அந்தச் சந்தோஷம் பல் தேய்த்துவிட்டு வருகிறவரை நிற்கும். அடுத்த அழைப்பில் மணிக்கணக்கு. முதல் நாள் மதியம் 1 மணிக்கு அறைக்குள் விடுவார்கள், நாலாம் நாள் காலை 8 மணிக்குக் காலி பண்ணச் சொல்வார்கள். ஆக 67 மணி நேரம். மணிக்கு 18 வெள்ளி. சரி, தூங்குகிற நேரத்தைச் சேர்க்கலாமா கூடாதா? இந்த ஒரு கேள்வியே ஒரு வாரம் ஓடியது. தூங்குகிறவனுக்கு சூட் என்ன, ஜன்னல் இல்லாத உள்ளறை என்ன என்பது ஒரு கட்சி. பெரிய கட்டிலில் புரண்டு படுப்பதும் அனுபவம்தானே என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியிலும் அவரே பேசினார். கடைசியில் தூக்கம் தோற்றது. ராத்திரிக்கு எட்டு மணி வீதம் 24ஐக் கழித்தார். மிச்சம் 43, மணிக்கு 28 வெள்ளி.

அப்புறம்தான் பினாங்கு ஞாபகம் வந்தது. அங்கே கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும். ஊர் பார்க்க இறங்கினால் சூட் சும்மாக் கிடக்கும். 43இல் 8 போனால் 35.

“மாப்ள, எறங்குனா மணிக்கு 34 வெள்ளி ஆவுது. பினாங்கு நமக்குக் கட்டுப்படியாகாது.”

பயணம் போவதே பினாங்குக்குத்தானே அத்தான் என்றேன். அது வேறு செலவு, இது வேறு செலவு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்றார்.

காப்பிக் கணக்கு இதைவிடச் சிறப்பு. சூட்காரர்களுக்குத் தனியாக ஓர் ஓய்வுக்கூடம், அங்கே பெரிய இயந்திரத்தில் போட்ட காப்பி இலவசம். மற்றவர்கள் அதே காப்பியைக் கீழே காசு கொடுத்துக் குடிக்க வேண்டும். ஒரு கோப்பை 6 வெள்ளி என்று வைத்துக்கொண்டு 1,200ஐ வகுத்தார். 200 கோப்பை குடித்தால் போட்ட காசு வந்துவிடும். 67 மணி நேரத்தில் 200 என்றால் இருபது நிமிடத்துக்கு ஒன்று, தூக்கம் உட்பட. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அக்காவும் குடிப்பால்ல? அப்ப ஆளுக்கு நாப்பது நிமிஷத்துக்கு ஒண்ணுதான்” என்றார். தேக்கா காப்பிக்கடையில் அரைச் சீனி போட்ட ஒரு கோப்பி ஓவுக்கு மேல் குடித்தால் நெஞ்செரிகிறது என்கிற மனிதர்.

அத்தான் மாதிரி வகுத்துப் பார்க்கிற இனம் பெருகியது 2020 கடைசியில் என்பது என் கணிப்பு. கோவிட் நேரத்தில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புகிற கப்பல்கள் விட்டார்களே, பாதி ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு? போகாத ஊருக்கு எதற்குக் கப்பல் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அத்தான் இன்றைக்கும் அதைச் சொல்லி ஏங்குவார். இறங்க இடமே இல்லை, ஒரு மணி நேரம்கூட வீணில்லை.

எதிர் நியாயங்களும் அவரிடமே உண்டு. சூட்டெல்லாம் பெரும்பாலும் மேல்தளங்களில் இருக்கும், கப்பல் ஆடினால் மேலேதான் ஆட்டம் அதிகம், கீழே நடுவில் இருக்கிற மலிவு அறைதான் ஆடாது என்று படம் போட்டு விளக்குவார். சரி, அப்படியானால் வேண்டாம் அத்தான் என்றால் கோபம் வரும். சூட்காரர்களுக்குத் தினப்படி சேவைக் கட்டணமும் சில வெள்ளி கூடுதல் என்று நான் எடுத்துச் சொன்னபோது, நானே அந்தக் கட்டணத்தை விதித்ததுபோல் முறைத்தார்.

அவருடைய அப்பாவையும் விடுவதில்லை. பெரியவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தவர். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களைச் சுமந்துகொண்டு 1970களின் தொடக்கம்வரை ஓடியது. வந்தவர்களில் பெரும்பாலோர் தளத்துப் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அறை, தலைமாட்டில் தகரப்பெட்டி. “எங்கப்பா டெக்குல பாய்ல படுத்து வந்தாரு. அவரு மவன் சூட்ல போகக் கூடாதா?” என்பார் திங்கட்கிழமை. “எங்கப்பா அத்தன நாளு டெக்குலயே வந்தாரு. நமக்கு மூணு ராத்திரிக்கு பால்கனி பத்தாதா?” என்பார் வியாழக்கிழமை. எந்தக் கட்சிக்கும் பெரியவர் மறுபேச்சில்லாமல் வந்து நிற்பார்.

போன முறை கிடைத்தே விட்டது. முள் மஞ்சளைத் தாண்டாத தொகைதான் போட்டிருந்தார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வாழ்த்துச் செய்தி. நான் வாழ்த்தப் போன் பண்ணினால் குரல் செத்துப்போயிருந்தது. “இந்த வெலைக்கே குடுத்துட்டான்னா, இன்னும் கொறைச்சுக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பான்ல?” கிடைக்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். எவ்வளவுக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று பின்னோக்கி வகுக்கத் தொடங்கிவிட்டார்.

இத்தனை வகுத்தலிலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதைச் சிரிப்பாக எழுத எனக்கு வரவில்லை. ஆளுக்கு 600 என்பதில் இன்னொரு ஆள் அவள்தானே? என்னைக் கேட்டார், தம் அலுவலகத்து மலாய் நண்பரைக் கேட்டார், டாக்சி ஓட்டுநரைக்கூடக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு முட்டி வலி. அவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் குளியலறையில் குளிதொட்டி கிடையாது. வெந்நீரில் காலை நீட்டி ஒரு மணி நேரம் கிடக்கணும்டா தம்பி என்று என்னிடம் சொன்னவள். அந்தக் கப்பலில் தொட்டி இருப்பது சூட்டில் மட்டும்தான். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். அத்தான் எழுதி வைத்த தாளைப் பார்த்தேன்: காப்பி இருக்கிறது, பழக்கூடை இருக்கிறது, குளியல் அங்கி, தனி உணவகம், வரிசையில் நிற்காமல் ஏறுவது எல்லாம் வெள்ளிக் கணக்கோடு இருக்கிறது. தொட்டிக்கு நேரே ஒன்றும் போடவில்லை. “அதை எதால வகுக்கிறதுன்னு தெரியல” என்றார்.

அந்த முறை நாங்களும் பிள்ளைகளோடு கூடப் போயிருந்தோம். கப்பலில் அவர் அறைச் சாவி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். எங்கள் அட்டைக்கு ஒரு நிறம், அவருடையதற்கு வேறு நிறம். நாங்கள் கீழ்த்தளத்து உள்ளறையில் இருந்தோம். எங்களைப் பார்க்க வருகிறபோது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவருவார். பிள்ளைகளுக்கென்று தலையணையில் வைத்த சாக்லேட்டை எடுத்து வைத்துக் காகிதம் கசங்காமல் கொண்டுவந்து கொடுப்பார். அந்த நேரத்தில் அவர்மேல் கோபப்படுவது கஷ்டம்.

பினாங்கில் சொன்னபடியே இறங்கவில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணைந்தால் குட்டி இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். அக்காவை அழைத்துக்கொண்டு போனோம். குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மனை, 1833இல் எழுந்த கோயிலை, பார்த்துவிட்டு, நாசி காண்டார் சாப்பிட்டோம். ஆட்டுக்கறிக் குழம்பு, கணவாய், வெண்டைக்காய் என்று எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் கலந்து ஊற்றுகிற பினாங்குப் பழக்கம். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிக் கம்பில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்றது. திரும்பி வந்தால் அத்தான் அங்கியோடு பால்கனியில் நின்று கைகாட்டுகிறார். அன்றைக்குக் குடித்தது எத்தனை என்று விரலில் காட்டினார். ஒரு கை போதவில்லை.

மறுநாள் விடியற்காலை சுமத்ராப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. மலாக்கா நீரிணை வழக்கமாக வம்புக்கு வராத கடல்தான், ஆனால் இந்தக் காற்று மட்டும் சொல்லாமல் வந்து ஒரு மணி நேரம் உறுமிவிட்டுப் போகும். கீழே எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே பால்கனி நாற்காலிகள் இழுபட்டு, கதவு ஊளையிட்டு, ஏற்கெனவே காப்பியில் மிதந்துகொண்டிருந்த அத்தானுக்குச் சுத்தமாகத் தூக்கமில்லை. மத்தியானம் பழத்தோடு எங்கள் அறைக்கு வந்தவர், “இருட்டா, குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்கு” என்று பிள்ளைகள் கட்டிலில் சாய்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை.

மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. மணிக்கு 28 வெள்ளி என்று எனக்கே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. எழுப்பாமல் விட்டால் பின்னால் ஏசுவாரே என்று அவர் தோளைத் தொடப் போனபோது அறைத் தொலைபேசி அடித்தது. மேலேயிருந்து அக்கா.

“அவரு அங்கதான இருக்காரு?”

“தூங்குறாருக்கா. எழுப்பட்டுமா?”

“டேய், எழுப்பிகிழுப்பி வைக்காத. தொட்டியில இப்பதான் தண்ணி ரொம்புது.”