கணப் பொருத்தம்

"அப்பா, நீங்கள் என்ன டைப்?"

திரான்சியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு மகள் கேட்டாள். தை மாதக் கடைசி. அவள் பள்ளியின் கடைசி வகுப்பான தெர்மினாலில் படிக்கிறாள். பங்குனி நடுப்பகுதிக்குள் பார்க்கூர்சூப் இணையத்தளத்தில் மேற்படிப்புக்கான விருப்பங்களைப் பதிய வேண்டும். பத்து வரைக்கும் பதியலாம். அதற்குத் துணையாக ஏதோ ஒரு குணப் பரீட்சை செய்து நான்கு எழுத்து வாங்கி வைத்திருந்தாள்: ஐ.என்.எஃப்.பி. அமைதிக்காரி, தனக்குள்ளே வாழ்கிறவள் என்று அர்த்தமாம். "சனத்தோட பழகிற வேலை எனக்குச் சரிவராதாம் அப்பா. நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்கோ."

செய்யத் தொடங்கினேன். சனி, ஞாயிறில் நண்பர்களோடு கூடியிருந்தால் உற்சாகம் வருமா, களைப்பு வருமா என்ற மாதிரி ஒரு கேள்வி வந்தது. அதில் நின்றுவிட்டேன். 22 வயதில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்ற யோசனை அன்றிரவு முழுக்க விடவில்லை.

மனிதரை வகை பிரிப்பது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசும்போது சாத்திரியார் பார்ப்பவற்றில் ஒன்று கணப் பொருத்தம். 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாகத் தேவ கணம், மனித கணம், இராட்சத கணம் என்று பிரித்து, இந்தக் குணமும் அந்தக் குணமும் ஒரு வீட்டுக்குள் ஒத்துப்போகுமா என்று சொல்லுவார். கலியாணத்துக்கு இவ்வளவு கவனமாக இருந்த சனம், நாற்பது வருஷம் செய்யப்போகிற வேலைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் உயர்தரத்தில் பயோ, அல்லது மற்ஸ். டொக்டர், இல்லாவிட்டால் எஞ்ஜினியர். 1970களில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாசல் ஒடுங்கிய பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகியது. என் ஐயா புகையிலைத் தோட்டக்காரர். என்னை மற்ஸ் படிக்க விட்டார். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. அவரிடம் அவருடைய ஐயாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

1988-ல் ஏஜென்சிக் கடனோடு பாரிஸ் வந்தேன். லாச்சப்பல் மெத்ரோவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அறை, அதில் ஒன்பது பேர். இரவு வேலைக்காரர் எழும்பிப் போக, பகல் வேலைக்காரர் வந்து அதே மெத்தையில் சரிவார்கள். எங்கேயோ வேலை இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் நாங்கள் கேட்டவை மூன்று: எந்த மெத்ரோ, எத்தனை மணித்தியாலம், சம்பளத் துண்டு தருவானா. என்ன வேலை என்று கேட்ட நினைவில்லை. ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுவது, மெனாஜ் என்கிற துப்புரவு வேலை, தபால்பெட்டிகளுக்கு விளம்பரப் பேப்பர் போடுவது. இவற்றில் ஒன்று என்று தெரியும். கோப்பை கழுவும் வேலைக்குப் பிரெஞ்சு அரசின் தொழில் அட்டவணையில் ஜி 1605 என்று ஓர் இலக்கம் இருப்பதை மகள்தான் இப்போது காட்டினாள்.

அகதிகளுக்கான அரச அலுவலகமான ஓஃப்ராவில் விண்ணப்பம் கொடுத்தவர் முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்றிருந்த காலத்தில் வந்தவன் நான். 1991 செப்ரெம்பர் 26-ம் திகதிச் சுற்றறிக்கை அதை நிறுத்தியது. அதே வருஷம் டிசம்பர் 31-ம் திகதிச் சட்டம் இந்த நாட்டுத் தொழிலாளருக்கு ஒரு புது உரிமை கொடுத்தது: தன் திறமை என்ன, நாட்டம் என்ன, எந்த வேலை தனக்குப் பொருந்தும் என்று ஒரு நிபுணரோடு இருந்து மதிப்பிட்டுப் பார்க்கலாம். 'பிலான் து கோம்பெத்தான்ஸ்' என்று பெயர், 24 மணித்தியாலம் வரைக்கும். இரண்டு தாளுக்கும் இடையில் மூன்று மாதம். இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. 1992-ல் எங்கள் அறைக்கு வந்த பெடியன் களவாகத்தான் வேலை செய்தான். பத்துரோன் பாதிச் சம்பளம் தந்தபோதும் அவன் வாய் திறக்க முடியவில்லை.

ஒரே வேலைதான், ஆனால் ஒவ்வொருவரையும் அது ஒவ்வொரு மாதிரிப் பிடித்தது. நான் அதிகம் கதைக்காதவன். நிலக்கீழ் அறை, தண்ணீர்ச் சத்தம், கழுவிய கோப்பை அடுக்கடுக்காக ஏறுவது, இவை எனக்கு வலிக்கவில்லை. எங்களோடு இருந்த வடமராட்சிக்காரனுக்கு மூச்சுவிடுவதே கதைப்பதற்குத்தான். பத்து மணித்தியாலம் ஒருவர் முகமும் காணாமல் நின்றுவிட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். குடிக்கத் தொடங்கினான். ஒரு வருஷத்துக்குள் நாலு வேலை மாறினான். நாங்கள் அவனைச் சோம்பேறி என்றோம். நானும் சொன்னேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகு சென் தெனிச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். அரபும் போர்த்துக்கீசும் கலந்து கூவி விற்றான். குடியும் மெல்ல மெல்ல விட்டது. அவனுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை, வைத்தியமும் பார்க்கவில்லை. நிற்கும் இடம்தான் மாறியது. இன்னொருவர் கோப்பை கழுவிவிட்டு வந்து விடியும்வரை எழுதுவார். எக்ஸில், அம்மா, ஓசை என்று பாரிஸில் அந்நாளில் வந்த சஞ்சிகைகளுக்குப் பின்னால் அப்படிப்பட்ட கைகள் நிறைய இருந்தன.

என் பிழை 1997-ல் நடந்தது. லாச்சப்பலில் எல்லோரும் கடை போடுகிறார்கள் என்று சீட்டுக் காசை எடுத்து நானும் பலசரக்குக் கடை போட்டேன். கடைக்காரன் வாசலில் வருகிறவரின் ஊரைக் கேட்க வேண்டும், பிள்ளையின் படிப்பை விசாரிக்க வேண்டும், கடன்காரரிடம் முகம் கோணாமல் காசு கேட்க வேண்டும். எனக்கு அதில் ஒன்றும் வரவில்லை. யாராவது உள்ளே வந்தால் நெஞ்சு படபடக்கும். இரண்டு வருஷத்தில் பூட்டினேன். இடம் சரியில்லை, நேரம் சரியில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். பக்கத்துக் கடைக்கும் அதே இடம், அதே நேரம்தான்.

அதன் பிறகுதான் ஒரு பேக்கரியில் மாக் குழைக்கப் போனேன். இரவு இரண்டு மணி. கதைக்க ஆளில்லை, கவனிக்க நிறைய இருக்கிறது. மாவின் சூடு, அறையின் சூடு, தண்ணீரின் சூடு மூன்றும் கூட்டி ஒரு தொகைக்கு வர வேண்டும். அந்தத் தொகை 56 என்றால், மா 20 பாகை, அறை 22 பாகையாக இருக்கும்போது தண்ணீர் 14-ல் ஊற்ற வேண்டும். கோடையில் அறை 28-க்கு ஏறினால் தண்ணீர் எட்டுக்கு இறங்க வேண்டும். உயர்தரத்தோடு விட்டுவந்த கணக்கு திரும்ப என் கைக்கு வந்த மாதிரி இருந்தது. செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம் என்று 2002-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் வழியாக 2006-ல், 40 வயதில், பாண் தொழிலுக்கான சே.ஆ.பே. எடுத்தேன். எனக்குப் பொருந்திய வேலையைக் கண்டுபிடிக்கப் பாரிஸில் மட்டும் எனக்கு 11 வருஷம் எடுத்தது.

2023-ல் பாரிஸின் சிறந்த பகெத் போட்டியில் தர்ஷன் செல்வராஜா முதலாவதாக வந்தார். 4000 யூரோவும் ஒரு வருஷம் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கும் வாய்ப்பும் பரிசு. இலங்கைத் தமிழர் ஒருவர். அதற்குப் பிறகு வந்த ஒரு கலியாண வீட்டில், என்னைக் காட்டி, இவர் பாண் போடுகிறவர் என்று என் மனைவி முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னா.

மகளின் நான்கு எழுத்தை நான் தள்ளிவிடவில்லை. கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலை அடியாக வைத்து, அமெரிக்காவில் கத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் என்ற தாயும் மகளும் சேர்த்தெடுத்த 16 வகைகள் அவை. இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. சில கிழமை கழித்துத் திரும்பச் செய்தால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது என்று உளவியலாளர் குறை சொல்லுகிறார்கள். எனக்கு மனதுக்குப் பிடித்தவர் 1959-ல் தன் கோட்பாட்டை எழுதிய ஜோன் ஹோலண்ட். அவர் ஆறு வகைதான் சொன்னார். ஆனால் ஆளை மட்டும் வகை பிரிக்காமல் வேலை செய்யும் இடத்தையும் சேர்த்து வகை பிரித்தார். வடமராட்சிக்காரனின் கதை அவருக்கு உடனே விளங்கியிருக்கும்.

மனைவிக்கு மகள் டொக்டராக வேண்டும் என்று விருப்பம். மகளுக்கு எழுத்துகளைப் பார்த்துப் பயம். நான் அவளுக்கு 2024 ஜூனை நினைவுபடுத்தினேன். தெர்மினாலுக்கு இரண்டு வகுப்புக் கீழே செகோந்த் படிக்கும் பிள்ளைகள் இரண்டு கிழமை வேலைத்தளத்தில் நிற்க வேண்டும் என்று அந்த வருஷம்தான் தொடங்கினார்கள். இவள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனாள். பின்னேரம் களைத்து வருவாள். வந்தால் இரவுச் சாப்பாடு வரைக்கும் கதை.

"அங்க நீ என்ன செய்தனி?"

"ஒண்டும் பெருசா இல்லை. பக்கத்தில இருந்து கேட்டன். அவைக்கு ஆரும் கேட்டாப் போதும்."

சனத்தோடு பழகுவது வேறு, ஒருவர் பக்கத்தில் அமைதியாக இருந்து கேட்பது வேறு. அந்த வித்தியாசத்தை நான்கு எழுத்து சொல்லவில்லை. இரண்டு கிழமை சொன்னது. பத்து விருப்பங்களில் முதலில் தாதியர் பயிற்சியைப் பதிந்தாள். மனைவியின் ஆசைக்காக மருத்துவத்தையும் பதிந்தாள். எது கிடைக்கும் என்பது ஜூனில் தெரியும்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். செகோந்துக்கு முந்திய வகுப்பான துருவாசியேமில் படிக்கும் பிள்ளைகள் 2005 முதல் கட்டாயமாக ஒரு கிழமை வேலைத்தளம் ஒன்றைப் பார்க்க வேண்டும். திரான்சி அடங்கிய 93-ம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் அந்தக் கிழமையில் லாச்சப்பல் கடைகளில் பெட்டி பிரித்து அடுக்குகிறார்கள். தகப்பனுக்குத் தெரிந்தவர் கடைக்காரர் மட்டும்தான் என்பதே காரணம். ஆனால் இன்று எங்களுக்குள் வழக்கறிஞர் இருக்கிறீர்கள். தாதியர், கணக்காளர், எஞ்ஜினியர், கட்டட வேலைக்காரர், சமையற்காரர் இருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு பிள்ளையை, உங்களுக்கு உறவில்லாத ஒரு பிள்ளையை, அந்த ஒரு கிழமைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பேக்கரிக்கு வந்த ஒரு பெடியன் மூன்றாம் நாளே தனக்கு இது வேண்டாம் என்று சொன்னான். 14 வயதில் அதைத் தெரிந்துகொண்டு போனான்.