ஞாயிற்றுக்கிழமைக் கேமரா: கேள்வி-பதில்

கே: பினாங்கில் சுவரோவியம் இருக்கிறது, கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் இருக்கிறது. பெண்டாங்கில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் எதை எடுப்பதாம்?
– கல்லூரி மாணவர், பெண்டாங்

ப: பினாங்கு ஆர்மீனியன் சாலையில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் சுவரில் வரைந்தார். அன்று தொடங்கிய வரிசை இன்னும் கலையவில்லை. அங்கே எல்லாரும் எடுப்பது ஒரே படம்தான், ஆள் மட்டும் மாறுவார். பெண்டாங்கில் வரிசையே கிடையாது, அதுதான் உங்கள் சொத்து.

மேற்கே கோபா பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கிழக்கே சுங்கை தியாங் பக்கம் போகப் போக மேடும் பால்மரமும். 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் இங்கே இருபோகச் சாகுபடி. அதாவது ஒரே வரப்பு ஆண்டுக்கு இரண்டு முறை கண்ணாடித் தண்ணீராகும், பச்சையாகும், பொன்னாகும், கடைசியில் வெறும் தாளடியாகும். ஒரு வரப்பைத் தேர்ந்தெடுத்து அதே இடத்திலேயே நின்று வருடம் முழுக்க எடுத்துப் பாருங்கள். அறுவடை இயந்திரம் இறங்கும் நாளைத் தவற விடாதீர்கள். அது கிளப்பிவிடும் பூச்சிக்கும் தவளைக்குமாகக் கொக்குகள் முதலாளி பின்னால் போகும் கிராணி மாதிரி வரிசைகட்டிப் போகும். இயந்திரத்தைக் கண்டு அவை பயப்படுவதில்லை, மனிதன் இறங்கி நடந்தால்தான் பறக்கும். ஆகவே காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி எடுங்கள்.

கே: ஜெராய் மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதைப் பெண்டாங்கிலிருந்து எடுக்க ஆசை. எந்த மாதம் தோதுப்படும்?
– மின்பணியாளர், தோபியார்

ப: எந்த மாதமும் தோதுப்படாது. பெண்டாங்கிலிருந்து பார்த்தால் ஜெராய் ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. சூரியன் தெற்கில் மறைகிற அன்றைக்குப் படம் எடுக்க நாம் யாரும் இருக்க மாட்டோம்.

மலை அசையாது, நீங்கள்தான் அசைய வேண்டும். குரூணைத் தாண்டிக் கிழக்கே ஜெனியாங் பக்கம் போனால் மலை உங்களுக்கு மேற்கே வந்துவிடும். பிப்ரவரி கடைசியிலும் அக்டோபர் நடுவை ஒட்டியும் சூரியன் ஜெராய்ப் பக்கமாக இறங்கும், வானம் இடம் கொடுத்தால். உதயம் வேண்டுமா? எதிர்ப்பக்கம் யானுக்குப் போங்கள், மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து வரும். 1,217 மீட்டர் மலை என்பதால் அங்கே சூரியன் நாட்காட்டியில் போட்ட நேரத்தைவிடத் தாமதமாகத்தான் தலைகாட்டும். அதுவரை பசியாறிக்கொள்ளலாம்.

பெண்டாங்கிலிருந்து ஜெராயை எடுக்கவே கூடாதா என்றால், தாராளமாக எடுக்கலாம். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து மலையின் மடிப்புகளைக் காட்டும். நேர் எதிரே சூரியன் நிற்கும் படத்தில் மலை வெறும் கறுப்பு அட்டை.

கே: அதிகாலை வெளிச்சம் என்கிறார்கள். 6 மணிக்குப் போய் நின்றால் கும்மிருட்டு. யாரை நொந்துகொள்வது?
– தாதி, அலோர் ஸ்டார்

ப: 1982 ஜனவரி 1ஐ நொந்துகொள்ளுங்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அன்று அரைமணி முன்னே தள்ளிவைத்தார்கள். நாமோ நாட்டின் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இங்கே ஆண்டு முழுக்க 7 மணிக்கு மேல்தான் உதயம், ஜனவரி கடைசியில் ஏழரையைத் தொடும்.

இன்னொன்று. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாது, படிக்கட்டு மாதிரி விறுவிறுவென மேலே போய்விடும். லண்டன்காரருக்குக் கோடையில் ஒருமணி நேரம் கிடைக்கும் மஞ்சள் வெளிச்சம் நமக்கு அரைமணி கிடைத்தால் அதிகம். இடத்தை முதல்நாளே பார்த்து வைத்துவிடுங்கள்.

கே: எந்தக் கேமரா வாங்கலாம்?
– வங்கி ஊழியர், சுங்கை பட்டாணி

ப: முதலில் காற்றுப் புகாத ஒரு டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பூக்கும், சிலந்திவலை மாதிரி. அப்புறம் எந்தக் கேமரா என்பது பெரிய கேள்வி இல்லை. நெற்களஞ்சிய மாநிலத்தில் இருக்கிறோம் என்பதற்காக நனைந்த கேமராவை அரிசியில் மட்டும் புதைக்காதீர்கள். தவிடு உள்ளே போகும், தண்ணீர் வெளியே வராது.

கே: என் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தைப் படம் எடுக்க நினைக்கிறேன். இப்போது பாதி செம்பனை, மீதி தாமான். எஞ்சிய பால்மரக்காட்டுக்குள் நுழையலாமா?
– ஆசிரியை, பீடோங்

ப: நுழைவதற்கு முன் ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுதோட்டமாக இருந்தால் அதன் உரிமையாளரைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கேட்காமல் போனால் நாய்தான் பதில் சொல்லும்.

போகிற நேரம் முக்கியம். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் விடியலுக்கு முன்பே பால் வெட்டுவார்கள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் நெற்றி விளக்கு வெளிச்சத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். அந்த விளக்கு வெளிச்சமே போதும், பிளாஷ் போட்டு வெட்டுகிறவர் கண்ணைக் கூச வைக்காதீர்கள். கையில் இருப்பது பால்கத்தி. பட்டை ஒரு மயிரிழை கூடுதலாகப் போனால் மரத்துக்குக் காயம். ஆள் பேசுகிற நேரமும் அதுவல்ல. கடைசி மரம் முடிந்து, மங்கில் பால் நிறையட்டும் என்று உட்கார்ந்து வெற்றிலை போடும்போது பேச்சுக் கொடுங்கள்.

வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும். அந்தச் சரிவின் கடைசியில் பீலி, பீலிக்குக் கீழே மங்கு. குனிந்து மங்கின் மட்டத்துக்குக் கேமராவைக் கொண்டு போனால் சொட்டு விழும் கணம் கிடைக்கும். பால் வெள்ளை, பட்டை கறுப்பு. கைப்பேசி கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பால் சுண்ணாம்பாக வெளிறிப் போகும். திரையில் பாலின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் கெடாவில் பால்மரம் இலை உதிர்க்கும். அதற்கு முன் காடே செம்மண் நிறமாகும், உதிர்ந்தபின் கீழே நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். கொரியாவுக்குப் போகாமலே இலையுதிர் காலம் என்று படம் போடுகிறவர்கள் உண்டு. பால் குறைந்து வெட்டுக்காரர் கையில் காசு குறையும் காலமும் அதுதான். ‘எவ்வளவு அழகு’ என்று அவரிடமே போய்ச் சொல்லாதீர்கள்.

பாதி செம்பனை, மீதி தாமான் என்றீர்கள். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கிய கதையின் தொடர்ச்சி அது. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தொழிலாளர்களின் மாதம் பத்து வெள்ளிகளைச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். ஆகவே மரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். லயத்து வாசற்படி, பெரட்டுக்களம், கூரை போன ஸ்டோர், முனியாண்டி கோயிலின் சூலம், எல்லாவற்றையும் எடுங்கள். தாமான் கட்டுகிறவர் வாசற்படியை விட்டுவைக்க மாட்டார்.

கே: படமெடுக்கக் கூட்டமாகக் கிளம்புவது இன்றைய பிள்ளைகளின் மோகம்தானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கூலிம்

ப: சென்னையில் புகைப்படச் சங்கம் 1857இலேயே இருந்தது ஐயா. அடுத்த ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று கைப்பேசியை இடமிருந்து வலமாக நகர்த்தி நாம் செய்வதை அவர் மெழுகிட்ட காகிதத்தில் செய்தார். மோகம் பழையதுதான், மூட்டைதான் இலேசாகியிருக்கிறது.

கே: சிவப்புப் பலகையில் துப்பாக்கிக்காரர் படம் போட்டிருக்கிறதே, அங்கே எடுக்கலாமா?
– டிரோன் வாங்கியவர், ஜித்ரா

ப: அந்தப் பலகையை வரைந்தவர் உங்கள் கேள்விக்குப் பதிலையும் சேர்த்தே வரைந்துவிட்டார். பின்னால் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் நிற்கிறது. டிரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தனி. அலோர் ஸ்டார் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு பேட்டரியை ஏற்றுங்கள்.

கே: கார் இல்லை, மோட்டார் தம்பியிடம். நான் எங்கே போவது?
– தொழிற்சாலை ஊழியர், கோபா

ப: உங்கள் ஊரிலேயே கொமுட்டர் நிற்கிறதே! கோபாவில் ஏறி வடக்கே போனால் அலோர் ஸ்டார். ஜன்னலோரம் வயல் ஓடும். கண்ணாடியில் உங்கள் முகம் விழாமல் இருக்க, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். இறங்கினால் ஜாஹிர் பள்ளிவாசல், பாலாய் பெசார், பெக்கான் ரபு. 1880களில் வெட்டத் தொடங்கிய வான் மாட் சாமான் கால்வாயும் அங்கிருந்துதான் ஜெராயை நோக்கிப் போகிறது. கால்வாய்க்கரைச் சாலையில் மாலை நேரம் கடைபோடும் முகங்கள் கிடைக்கும். வாங்கிவிட்டுக் கேளுங்கள். கையில் பிசாங் கோரெங் பொட்டலத்தோடு கேட்பவருக்கு மக்சிக் மறுப்புச் சொல்வது அபூர்வம்.

கே: தீமிதியில் சாமி வந்து ஆடுபவரைப் படமெடுப்பது தவறா?
– இளைஞர் அணி, சுங்கை பட்டாணி

ப: ஆடும்போது அவரிடம் கேட்க முடியாது, அதுதான் சிக்கல். திங்கட்கிழமை அவர் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். நாக்கை நீட்டிய அவருடைய படம் அதற்குள் சூப்பர்வைசரின் கைப்பேசிக்குப் போயிருக்க வேண்டாம். கங்கைப் பரப்பும் கைகள், மஞ்சள் தண்ணீர்க் குடம், குழியைத் தாண்டி வந்த பாதங்கள், தகப்பன் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கும் பிள்ளை, எவ்வளவோ இருக்கிறது. முகம்தான் வேண்டுமென்றால் முடிந்த பிறகு காட்டிக் கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அங்கேயே, அவர் கண்முன் அழியுங்கள்.

கே: பூஜாங் பள்ளத்தாக்கில் இடிந்த கற்களைத் தவிர என்ன இருக்கிறது? எங்கள் குழு போகலாமா வேண்டாமா என்று சண்டை.
– குழுப் பொருளாளர், பெண்டாங்

ப: கடாரம் என்று மேடைக்கு மேடை பேசிவிட்டு, ஒருமணி நேரப் பயணத்துக்குச் சண்டையா? மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மேலே புக்கிட் பத்து பஹாட் சண்டி என்னும் பழங்கோயில் நிற்கிறது. 1936-37இல் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டொரத்தியும் தோண்டினார்கள், பிறகு அலஸ்டர் லேம்ப் அதைக் கல்லோடு கல் சேர்த்து நிறுத்தினார். பக்கத்திலேயே ஓடை. மேகமூட்டமான நாளில் போங்கள். வெயிலில் கருங்கல்லும் இலை நிழலும் கலந்து புள்ளிபுள்ளியாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த கல்தான் அழகு.

போக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுங்கை பத்து தோட்டத்தில் 11ஆம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்று கணிக்கப்பட்டது. வீடமைப்பு வேலைக்காக அது இடிக்கப்பட்டுவிட்டது என்று 2013 டிசம்பரில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆய்வாளர் எடுத்ததோ, உங்களை மாதிரி ஒருவர் போகிற போக்கில் எடுத்ததோ, இனி படங்களில்தான் அதைப் பார்க்க முடியும். பொருளாளரே, பெட்ரோலுக்குப் பணத்தை எடுங்கள்.

கே: தனியாகப் போகக்கூடாது என்கிறார் அம்மா. குழுவில் பெண்கள் இல்லை. கேமரா அலமாரியில் தூங்குகிறது.
– பட்டதாரி மாணவி, குரூண்

ப: அம்மாவையே கூட்டிப் போங்கள். அவருக்கும் உங்களைப் போலவே வெளியே போக ஆசை இருக்கும், கேட்கத்தான் ஆளில்லை. ‘இந்த ஆலமரத்துக்கடியில்தான் ஓடும்படம் காட்டுவார்கள்’, ‘இது உன் பெரியப்பா இருந்த லயம்’ என்று எந்தக் குழுத் தலைவரும் சொல்லித் தராததை அவர் வழிநெடுகச் சொல்லுவார். ஒலிப்பதிவையும் தட்டிவிடுங்கள்.

கே: கைப்பேசியில் படம் நிறைந்து வழிகிறது. அழிக்க மனம் வரவில்லை.
– லாரி ஓட்டுநர், பெண்டாங்

ப: ஒவ்வொரு பயணத்திலும் நல்லதாக ஒன்றிரண்டைக் கடையில் கொடுத்துத் தாளில் போட்டுவிடுங்கள். பின்பக்கம் தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, தேதி, நிற்பவர்கள் யார் யார் என்று அழியாத மையில் எழுதுங்கள். மை காய்வதற்குள் அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் மீசை முளைக்கும். பட்டணத்து ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டி படம் உங்கள் வீட்டிலும் இருக்குமே, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள். அந்தத் தகராறு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம். மிச்சத்தை அழிக்கலாம், அதில் இருக்கும் எருமைக்குக் கோபம் வராது.

கே: என் கணவர் வயலை எடுக்கிறார், கொக்கை எடுக்கிறார், எருமையை எடுக்கிறார். என்னை மட்டும் எடுப்பதில்லை.
– இல்லத்தரசி, சுங்கை தியாங்

ப: வரும் ஞாயிறு அவருக்கு முன்பே போய் வரப்பில் நின்றுவிடுங்கள். கொக்கு பறந்துவிடும்.