தெம்பிலக்கணம்: கீரனூர் உரையுடன்

வடக்கே தாராபுரம், தெற்கே பழனி, கிழக்கே ஒட்டன்சத்திரம், மேற்கே உடுமலைப்பேட்டை. இந்நான்கு எல்லைக்குள் நாற்பது வயதைத் தாண்டி, 'உடம்புல தெம்பே இல்லீங்க' என்று சொல்லாதவர் அரியர். அவர்களுக்கென்று விற்கப்படும் பொடி, மாத்திரை, லேகியங்களுக்கு இதுவரை இலக்கணம் செய்தார் ஒருவரும் இல்லை. விற்பவர்க்கு நேரமில்லை, வாங்குபவர்க்குத் தெம்பில்லை. எனவே இந்நூல் எழுந்தது.

கீரனூர் என்றது திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்துக் கீரனூரை. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு கீரனூர் உண்டு, அது வேறு. அம்மாவட்டத்துத் திருமயம் வட்டம் ஊனையூரில்தான் பாரி நிறுவனத்தின் சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது. பாசி விளையும் மாவட்டத்துக் கீரனூர் அது. பாசி வந்து விற்கும் கீரனூர் இது. இவ்விரண்டையும் மயங்காமை முதற்கண் வேண்டும்.

*தெம்பெனப் படுவது தின்றபின் வருவதும்*
*தின்றதாய் எண்ணிய பின்வரு வதுமென*
*இருபாற்று என்ப இயல்புணர்ந் தோரே.*

இதன் பொருள் வெளிப்படை. இரண்டாவது வகைத் தெம்பைப் பொய் என்று தள்ளுவாரும் உளர். தள்ளற்க. ஒரு மாத்திரையை விழுங்கியவன் மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து வயலுக்குப் போனால், எழுந்தது உண்மைதானே. அதற்கு அவன் கொடுத்த விலைதான் ஆராய்ச்சிக்குரியது.

*பாசி, இலை, வேர், பாகு, பரிந்துரை*
*ஆயைந் தென்ப தெம்புறு பொருளே.*

பாசியாவது சுருள்பாசி. ஸ்பைருலினா என்று டப்பாவில் அச்சிடப்பட்டிருப்பதும் அதுவே. கண்ணாடி மாளிகையில் வெள்ளைக் கோட்டு அணிந்தோர் கண்டுபிடித்த பொருள் இது என்று விற்பனைப் படங்கள் காட்டும். ஆனால் மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் ஆஸ்டெக் மக்கள் இதை வழித்தெடுத்துத் தின்றார்கள்; ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியில் கானெம்பு பெண்கள் இன்றும் அள்ளி, மணலில் உலர்த்தி, குழம்பில் போடுகிறார்கள். அவர்களுக்கு இது குழம்புச் சாமான், நமக்கு மாத்திரை. நுணுகிப் பார்த்தால் இது பாசியே அன்று, ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருவகை பாக்டீரியா. அதை டப்பாவில் அச்சிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல பிறப்பு இருந்தது. சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி என்ற விஞ்ஞானி, கிராமத்துப் பெண்கள் கொல்லையில் தொட்டி கட்டி வளர்த்து, பிள்ளைகளுக்குச் சோற்றோடு கொடுக்கும் பொருளாக இதை ஆக்கப் பாடுபட்டார். கார நீரும் சோடா உப்பும் வெயிலும் போதும். துணியில் வடித்து, பிழிந்து, உலர்த்தினால் ஆயிற்று. வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஏழைப் பிள்ளைக்கென்று நினைத்த பொருள் எப்படியோ காரில் வரும் மச்சான் கையில் போய்ச் சேர்ந்தது. அவரே வாங்கி, அவரே தின்று, அவருக்குக் கீழே ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் அவரே தெம்பாகிவிடுவார் என்பது ஏற்பாடு. ஆள் சேர்ப்பதிலேயே பணம் சுழலும் பிரமிடு திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. மச்சானிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. மாப்பிள்ளை முறை கெடும்.

இங்கே ஒரு கடா. 'அறுபது சதவீதம் புரதம் என்கிறார்களே, பொய்யா?' பொய்யன்று. உலர்ந்த பாசியில் பாதிக்கு மேல் புரதமே. ஆனால் தின்பது ஒரு கரண்டி, ஏறக்குறைய 5 கிராம். அதில் புரதம் 3 கிராம். நாமக்கல்லிலிருந்து வந்து கீரனூர்க் கடையில் அடுக்கப்பட்டிருக்கும் ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு பிடி நிலக்கடலையில் 7 கிராம். சதவீதத்தில் ஜெயித்த பாசி கரண்டியில் தோற்றது என்க. பி12 விட்டமின் நிறைய உண்டு என்பதும் பாதி உண்மை: இதிலுள்ளதில் பெரும்பங்கு மனித உடம்புக்குப் பயன்படாத போலி பி12. சைவ உணவுக்காரர் இதை நம்பி இருந்துவிடக்கூடாது.

இலையாவது முருங்கை. இதை விரித்துரைக்க வெட்கமாயிருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கையை உண்டாக்கித் தந்தபின் திண்டுக்கல், கரூர், தாராபுரம் பக்கம் காடு காடாக முருங்கை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் விலை விழும் நாளில் வண்டி வாடகைக்குக் கட்டாமல் மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் திண்டுக்கல் மாவட்டத்தையும் அரசு சேர்த்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் இங்கே பறித்த இலை வெளியூர் போய், பொடியாகி, கேப்சூலாகி, ஆங்கிலப் பெயரோடு இங்கேயே திரும்பி வருவதற்கு எந்த இலக்கணத்தில் விதி தேடுவது? வேலியில் நிற்பதை ஒடித்துப் பருப்புப் போட்டுப் பொரியல் செய்தால் 100 கிராம் கீரையில் 6 கிராம் புரதம். பறிப்பதும் உருவுவதும் வேலை. அந்த வேலைக்குத்தான் தெம்பில்லை என்பார். அங்ஙனமாயின் கேப்சூலுக்கு இலக்கணம் வந்தது.

வேராவது அமுக்கரா. இரவில் பாலில் கலந்து குடித்த பாட்டிமார் அதைத் தூக்கத்துக்கென்று குடித்தார்கள். இந்நாளைய ஆய்வுகளும் பெரும்பாலும் தூக்கத்தையும் மன இறுக்கத்தையுமே பார்க்கின்றன. பகல் சுறுசுறுப்புக்கு என்று விற்பது விற்பவர் சேர்த்த இடைச்செருகல். தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். அரிதாகக் கல்லீரலைத் தாக்கியதும் உண்டு. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்தது. அவ்வளவு அஞ்ச வேண்டுமா என்பது வாதத்துக்குரியது. தைராய்டு மாத்திரை தின்பவர் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது என்பதில் வாதமில்லை.

பாகாவது லேகியமும் பஞ்சாமிர்தமும். லேகியத்தைப் பொறுத்தவரை எங்கள் மாவட்டம் வெறும் வாய்ப்பேச்சு அன்று. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தின் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளை உரிமம் பெற்று, முகவரி அச்சிட்டு விற்கிறது. முகவரி இல்லாத டப்பா வேறு சாதி. பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் வெளிவந்த ஆய்வில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நவபாஷாணச் சிலையைக் கும்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கும்பிடுவது வேறு, கலக்கித் தின்பது வேறு.

பஞ்சாமிர்தம் மட்டும் இந்நூலில் தனிச்சிறப்புடையது. விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. கலோரியே தெம்பு என்று கொண்டால், ஐவகையிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பொருள் இது ஒன்றே. ஒரு கரண்டிப் பாசியில் 15 கலோரி. அதை நம்பித் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போனவன் பழனி சேரமாட்டான். சர்க்கரை நோயாளிக்கு இவ்விதி செல்லாது.

பரிந்துரை விரிப்பின் பெருகும். வாட்ஸ்அப்பில் வருவது, சம்பந்தி சொன்னது, லாட்ஜ் அறையில் மாதம் ஒருநாள் வந்து நாடி பார்ப்பவர் சொன்னது என மூன்று. மூன்றுக்கும் பொதுவிலக்கணம், கேட்காமலே வருதல்.

இனிப் பொருளை விட்டு ஆளுக்கு வருவோம். ஐவகைப் பொருளையும் விற்பவர் பொருளைத்தான் வகைப்படுத்துகிறார், சோர்ந்தவரை வகைப்படுத்துவதில்லை. நூலின் கருத்து முழுதும் இதுதான்.

*சோர்ந்தோர் வகைதெரி யாமல் சூரணம்*
*தேர்ந்தோர் பையே தேயும் என்ப.*

சோர்ந்தோர் பலர். கந்துக்காரன் வருகிற நாளில் மட்டும் சோர்பவர் ஒரு வகை. அவருக்கு மருந்து வங்கியில். இரவு பன்னிரண்டு மணி வரை போனைப் பார்த்துவிட்டு விடிந்ததும் சோர்பவர் ஒரு வகை. சர்க்கரை ஏறியதே தெரியாமல் சோர்பவர், தைராய்டு குறைந்து சோர்பவர் என்று வேறு உண்டு. இவர்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று நூற்பாலைக்கும் வயலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேர் இரத்தசோகையுடையவர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் அக்காவுக்கு மச்சான் பாசி டப்பா நீட்டுகிறார். அதில் ஒரு கரண்டிக்கு இரும்புச்சத்து 1.4 மில்லிகிராம். அவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஒரே ஒரு இரும்பு-ஃபோலிக் மாத்திரையில் 60, காசில்லாமல். மலம் கறுக்கும், குமட்டும் என்று அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டுப் பச்சை மாத்திரைக்குத் தவணை கட்டுவது எந்தப் புறனடையிலும் அடங்காது.

டப்பா வாங்கியே தீருவேன் என்பார்க்கு ஒன்று சொல்லலாம். ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களின் உறையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அது சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இந்த இரண்டையும் மச்சான் முன்னால் சத்தமாகப் படித்துக்காட்டுவது நல்லது.

அதற்கும் முன்னால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதி வாங்கி வாருங்கள். பன்னிரண்டுக்குக் கீழே என்றால் அக்கா டப்பாவை மூடிவிட்டு டாக்டரைப் பார்க்கட்டும்.