சாஸேஜ் மாதிரி ஏவுகணை

நிகிதா குருஷேவ் காலத்தில் ட்விட்டர் இல்லாமல் போனது உலகம் செய்த புண்ணியம். அது இல்லாமலேயே மனிதர் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினார். 1953 முதல் 1964 வரை சோவியத் யூனியனின் நம்பர் ஒன். கையில் ஹைட்ரஜன் குண்டு இருந்தது, வாயில்தான் பூட்டு இல்லை. காலையில் மாடு, மத்தியானம் ஏவுகணை, ராத்திரி பார்ட்டியில் முதலாளித்துவத்துக்கு இறுதிச் சடங்கு என்று எதைப் பற்றியும் கருத்துச் சொல்வார். எழுதிக் கொடுத்த பேச்சோடு நிறுத்திக்கொள்ளும் நல்ல பழக்கம் மட்டும் கிடையாது.

இறுதிச் சடங்கு என்று சும்மா சொல்லவில்லை. 1956 நவம்பரில் போலந்துத் தலைவர் கோமுல்கா மாஸ்கோ வந்திருந்தார். விருந்தில் மேலைநாட்டுத் தூதர்களைப் பார்த்த குருஷேவ், "வரலாறு எங்கள் பக்கம். உங்களைப் புதைப்போம்!" என்றார். தூதர்கள் எழுந்து போய்விட்டார்கள். பின்னே, அணுகுண்டு வைத்திருக்கிற ஆள் சொன்னால் உட்கார்ந்து கட்லெட்டா சாப்பிடுவார்கள்? 1963-இல் யுகோஸ்லாவியாவில் விளக்கம் வந்தது: "அப்படிச் சொல்லி வம்பில் மாட்டிக்கொண்டேன். நாங்கள் மண்வெட்டியோடு வர மாட்டோம். உங்கள் தொழிலாளர்களே உங்களைப் புதைத்துவிடுவார்கள்." இதுதான் அவர் பாஷையில் சமாதானம்!

நம்மூருக்கும் வந்திருக்கிறார். 1955 கடைசியில், பிரதமர் புல்கானினோடு. போகிற இடமெல்லாம் மாலை, கூட்டம். கேட்கவா வேண்டும்? பிரிட்டிஷ் காலனி ஆட்சியை வெளுத்து வாங்கினார். ஸ்ரீநகரில், காஷ்மீர் இந்தியாவின் பகுதி என்பதை அந்த மக்களே முடிவு செய்துவிட்டார்கள் என்று போட்டு உடைத்தார். டெல்லிக்கு ஆனந்தம், கராச்சிக்குக் கொதிப்பு. பிற்பாடு ஐ.நா.வில் காஷ்மீர் விவகாரம் வந்தபோது சோவியத் வீட்டோவும் வந்தது. மேடையில் சொன்னதைச் செய்து காட்டிய அபூர்வ சம்பவம் என்று இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலே மாதம் கழித்து, வெளுத்து வாங்கிய அதே பிரிட்டனுக்கு விருந்தாளியாகக் கப்பலேறினார். அங்கே தொழிற்கட்சிக்காரர்கள் விருந்து வைத்தார்கள். ஆளுக்கு ஆள் தோழர் என்று கட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் ஏக ரகளை. கடைசியில் உலகக் கம்யூனிஸத்தின் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் இந்த ஊர்க்காரனாக இருந்தால் கன்சர்வேடிவ் கட்சிக்குத்தான் ஓட்டு!"

வெளிநாட்டுக்காரர்களிடம் பேசினால் தூதர்கள் எழுந்து போவதோடு சரி. உள்ளூரில் பேசியதற்கு மாடுகள் விலை கொடுத்தன. 1957 மே மாதம் லெனின்கிராடில், இறைச்சி, பால், வெண்ணெய் மூன்றிலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் அமெரிக்காவைப் பிடித்துவிடுவோம் என்று அறிவித்தார். இறைச்சியில் எட்டிப் பிடிக்க 1975 ஆகும் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை மேடையிலேயே கிண்டலடித்துவிட்டு, மூன்று நாலு வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார்.

தலைவர் எட்டடி பாய்ந்தால் மாவட்டம் பதினாறடி பாயுமே! ரியாசான் பிராந்தியக் கட்சிச் செயலாளர் லரியோனோவ், 1959-இல் ஒரே வருஷத்தில் இறைச்சியை மூன்று மடங்காக்கிக் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தார். கறிக்கு வளர்த்ததை வெட்டியாயிற்று, போதவில்லை. கறவை மாட்டை வெட்டினார்கள். இனவிருத்திக்கு வைத்திருந்ததையும் விடவில்லை. ஜனங்கள் வீட்டுக் கொட்டிலில் கட்டியிருந்ததை ஓட்டி வந்தார்கள். அப்படியும் இடித்ததால் பக்கத்துப் பிராந்தியங்களில் காசு கொடுத்து வாங்கிக் கணக்கில் ஏற்றினார்கள். டார்கெட் முடிந்தது, லரியோனோவுக்குச் சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது. அடுத்த வருஷம் வெட்ட ரியாசானில் மாடு இல்லை. 1960 முடிவதற்குள் லரியோனோவும் இல்லை.

மாட்டையாவது எண்ணிப் பார்த்துவிடலாம். ஏவுகணையை யார் போய் எண்ணுவது? அந்தத் தைரியத்தில்தான் "சாஸேஜ் மாதிரி ஏவுகணைகளைத் தயாரித்துத் தள்ளுகிறோம்" என்று உதார் விட்டார். மகன் செர்கெய் ஏவுகணை எஞ்சினியர். "நம்மிடம் இருப்பதே இரண்டு மூன்று, எப்படி அப்பா இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். எத்தனை இருக்கிறது என்பதா முக்கியம், அமெரிக்கர்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான் என்றாராம் அப்பா. அமெரிக்கர்கள் நம்பினார்கள். ரொம்பவே நம்பினார்கள். ஏவுகணையில் பின்தங்கிவிட்டோம் என்று 1960 தேர்தலில் கென்னடி முழங்க, அவர்கள் நிஜமாகவே நூற்றுக்கணக்கில் செய்ய ஆரம்பித்தார்கள்!

1959-இல் அமெரிக்காவுக்கே போனார். ஹாலிவுட் ஸ்டூடியோவில் மதிய விருந்து. மர்லின் மன்றோ இருக்கிறார், ஃபிராங்க் சினாட்ரா இருக்கிறார். இவர் முகம் மட்டும் சிவந்துகொண்டே போகிறது. பாதுகாப்புக் காரணத்தால் டிஸ்னிலேண்ட் புரோகிராம் கேன்சல் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். மைக்கைப் பிடித்தார். "ஏன் கூடாது? அங்கே ராக்கெட் தளம் வைத்திருக்கிறீர்களா? காலரா பரவியிருக்கிறதா? இல்லை, ரவுடிகள் வந்து பிடித்துக்கொண்டார்களா?" திருவிழாவில் ராட்டினம் ஏறவிடாத குழந்தை மாதிரி, 65 வயதில், பேத்தி பேரன் எடுத்தவர்! உலகத்தை அழிக்கப் பட்டன் வைத்திருந்தவருக்கு மிக்கி மவுஸைப் பார்க்க பாஸ் கிடைக்கவில்லை.

ஐ.நா. ஷூ கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். 1960 அக்டோபர். கிழக்கு ஐரோப்பாவை சோவியத் விழுங்கிவிட்டது என்று பிலிப்பைன்ஸ் பிரதிநிதி சுமுலோங் பேச, குருஷேவ் பொங்கி எழுந்தார். ஷூவால் மேஜையைத் தட்டினார் என்று சிலர். இல்லை, ஆட்டிக் காட்டினார் என்று சிலர். கழற்றி மேஜைமேல் வைத்தார், அவ்வளவே என்று வேறு சிலர். அவர் தட்டுகிற மாதிரி சுற்றுகிற போட்டோ ஒட்டுவேலை. ஷூ தட்டியதா என்பது சந்தேகம். அன்றைய கலாட்டாவை அடக்கப் பார்த்த அவைத் தலைவரின் சுத்தியல் உடைந்தது மட்டும் நிச்சயம்.

இத்தனை ஊர் கேட்கக் கத்தியவர், வாழ்க்கையின் மிகப் பெரிய பேச்சை ரகசியமாகப் பேசினார்! 1956 பிப்ரவரி 25, கட்சியின் 20-ஆவது காங்கிரஸ். கதவைச் சாத்திக்கொண்டு சுமார் நாலு மணி நேரம் ஸ்டாலினின் கொடுமைகளைப் பட்டியலிட்டார். இதே குருஷேவ்தான் ஸ்டாலின் ஆடச் சொன்னதும் தொந்தியைத் தூக்கிக்கொண்டு குத்துக்காலில் 'கோபக்' என்ற நடனம் ஆடியவர். கைதுப் பட்டியல்களில் அவர் கையெழுத்தும் உண்டு. அந்தப் பக்கத்தை மட்டும் நைசாகத் தாண்டிவிட்டார். ஜூன் மாதம் பேச்சு முழுதாக நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது. ஊரறியச் சொன்னதில் முக்கால்வாசி புஸ்ஸாகிவிட, ரகசியமாகச் சொன்ன ஒன்றுதான் உலகத்தை உலுக்கியது.

1961-இல் இன்னொரு வாக்குறுதி: 1980-க்குள் கம்யூனிஸ சமுதாயத்துக்கு அஸ்திவாரம் போட்டு முடித்துவிடுவோம், இந்தத் தலைமுறை அதில் வாழும். 1980-இல் மாஸ்கோவுக்கு ஒலிம்பிக்ஸ் வந்தது. கம்யூனிஸம் ஸ்டாக் இல்லை, அதற்குப் பதில் இது என்று மாஸ்கோக்காரர்கள் ஜோக்கடித்தார்கள்.

1964 அக்டோபரில் சகாக்கள் கூடி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மனிதர் அன்று மட்டும் கத்தவில்லை. ஸ்டாலினிடம் போய் 'நீங்கள் சரிப்பட மாட்டீர்கள், ரிட்டையர் ஆகுங்கள்' என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா, இன்று முடிகிறதே என்றாராம். தன்னை டிஸ்மிஸ் செய்ததையே தன் சாதனையாக்கிவிட்டார், பாருங்கள்!

வாய்த் துடுக்கில் அவர் பகைத்துக்கொண்டவர்களில் ஓவியர்களும் உண்டு. 1962-இல் மாஸ்கோ மானேஜ் அரங்கில் நவீன ஓவியங்களைப் பார்த்துவிட்டு, கழுதை வாலால் இதைவிட நன்றாக வரையும் என்று திட்டித் தீர்த்தார். எர்ன்ஸ்ட் நெய்ஸ்வெஸ்த்னி என்ற சிற்பி மட்டும் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினார். 1971-இல் குருஷேவ் இறந்த பிறகு, கல்லறைச் சிலை செய்யக் குடும்பம் போய் நின்றது அதே நெய்ஸ்வெஸ்த்னியிடம். அவரும் செய்து கொடுத்தார். பாதி வெள்ளைப் பளிங்கு, பாதி கறுப்பு, நடுவே குருஷேவின் தலை. அசல் மாடர்ன் ஆர்ட். அது பற்றி மட்டும் குருஷேவ் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.