பார்சலுக்கும் சந்தோசமா?

கேள்வி: கடையில் இருந்து சாப்பிட்டால் பரிமாறுகிற தம்பிக்கு ஏதாவது கொடுக்கிறோம். பார்சல் எடுத்தாலும் கொடுக்க வேண்டுமா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: கட்டாயமில்லை, தங்கச்சி. கொழும்புப் பெரிய உணவகங்களில் பில்லோடு சேர்க்கும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் மேசைக்கு வந்து பரிமாறுவதற்கு. பார்சல்காரருக்கு மேசை ஏது? அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டொலர்தான். மிச்சத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வழக்கம் எங்களுக்கு வேண்டாம். கூலியை முதலாளியே ஒழுங்காகக் கொடுக்கட்டும்.

ஆனால் பரிமாறவில்லை என்பதற்காக வேலை செய்யவில்லை என்றாகாது. ஏ9 வீதியோரக் கடையில் இரவு கொத்து ரொட்டி போடுகிறவரைப் பாருங்கள். கொதிக்கிற தட்டின் முன்னால் நின்று இரண்டு தகடுகளாலும் தாளம் போடுகிறார். வியர்வையைத் தோளில் துடைக்கிறார். குழம்பைத் தனிப் பையில் கட்டி, சிந்தாமல் கையில் தருகிறார். மழை இரவில், நோன்பு நாளில், பத்துப் பார்சல் ஒன்றாகக் கேட்ட அன்று, மிச்சக் காசை அவரிடமே விட்டுவிடுங்கள்.

விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்தில் எங்கள் ஊர்ப் பெண்களே கண்முன்னால் சமைத்து விற்கிறார்கள். அங்கே வீட்டுப் பாத்திரத்தோடு போய், பேரம் பேசாமல் வாங்கி, “நல்ல ருசி அக்கா” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை செய்கிறவரிடம் விட்டுவரும் காசுக்கு எங்கள் ஊர்ப் பெயர் ‘சந்தோசம்’. கட்டாயப்படுத்தி வாங்கினால் அது வரி. மனம் வந்து கொடுத்தால்தான் சந்தோசம்.