ஹைப்பர்

டாக்டர் சீட்டில் 'ஹைப்பர்' என்று எழுதினால் வீடே கலங்கும்: ஹைப்பர் டென்ஷன், ஹைப்பர் தைராய்டு. பையன் ஓரிடத்தில் உட்காராவிட்டால் ஹைப்பர் ஆக்டிவ். அளவு மிஞ்சியது என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு. எங்கள் கிருஷ்ணகிரிச் சீமையிலோ அதைக் காசு கொடுத்தே வாங்கலாம். போச்சம்பள்ளியில் ஆலை போட்ட ஓலா, 2021 ஆகஸ்ட் 15-ல் அறிமுகப்படுத்திய எஸ்1 ப்ரோ ஸ்கூட்டரில் நார்மல், ஸ்போர்ட்ஸ், ஹைப்பர் என்று மூன்று நிலைகள். மணிக்கு 115 கிலோமீட்டர் வரை பறக்குமாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓசூர் தாண்டி ஜுஜுவாடி, அத்திப்பள்ளிப் பக்கம் அதை ஓட்டிப் பாருங்கள். முன்னால் கம்பெனி பஸ், பின்னால் கன்டெய்னர் லாரி. அங்கே ஹைப்பராக இயங்குவது ஹாரன் மட்டும்தான். வண்டிக்கு நார்மலே ஜாஸ்தி.